இல்லாத ஆடு

பாகான் டாலாம், பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள தம்பி,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி அப்பா, சரி அப்பா" என்று முடித்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் அம்மா பால் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து சில தாள்களைக் கிழித்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும்.

ஆட்டுக் கதை உனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தீபாவளிக்கும் சித்தப்பா எடுத்துக்கொடுப்பார், நான் தொடங்குவேன். 1997, விடியற்காலை மூன்று மணி, ஜொகூரிலிருந்து பிறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன், தாப்பா தாண்டியாயிற்று. நெடுஞ்சாலையின் நடுவில் ஓர் ஆடு. பிரேக்கை மிதிக்கிறேன். பின்னால் கேமரன் மலையிலிருந்து இறங்கிவந்த காய்கறி லோரி என் டிரெய்லரில் மோதுகிறது. சாலை முழுக்க முட்டைக்கோஸ் உருள்கிறது. "அந்த ஆட்டுக்கு அன்று ஆறு மாதச் சாப்பாடு" என்று நான் முடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள். ஐந்து வயதில் நீ என் மடியில் உட்கார்ந்து ஆடு என்ன நிறம் என்று கேட்டாய். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை என்றேன்.

அங்கே ஆடு எதுவும் இல்லை தம்பி.

அது எனக்கு இரண்டாவது இரவு. பிறையிலிருந்து ஜொகூர், அங்கிருந்து கிள்ளான் துறைமுகம், மறுபடி ஜொகூர், பிறகு வீடு. டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் அன்றும் சம்பளம். படுத்து எழுந்தால் ஒரு டிரிப் போய்விடும். சிம்பாங் அம்பாட்டில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று எனக்கும் அம்மாவுக்கும் ஆசை இருந்தது. என்னோடு ஓட்டிய ஒருவர் ஓய்வுத்தலத்தில் சிகரெட் ஈயத்தாளில் சுற்றி இரண்டு மாத்திரை கொடுத்தார். செங்கல் நிறம், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மலாய்க்காரர்கள் பில் கூடா என்பார்கள், குதிரை மாத்திரை. இன்று உங்கள் காலத்தில் ஷாபு என்று கண்ணாடித் துண்டு போல விற்கிறார்களே, அதற்குள் இருக்கும் மெத்தாம்பிட்டமின்தான் இதிலும். இதில் காஃபினைக் கலந்து மாத்திரையாக அடித்திருப்பார்கள். பெயரும் உருவமும்தான் வேறு.

முதல் இரவு நான்தான் ராஜா. பசி இல்லை, இடுப்பு வலி இல்லை. வண்டி என் கைகால் போலவே நடந்தது. இவ்வளவு நன்றாக நான் ஓட்டியதே இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பையே அந்த மாத்திரைதான் கொடுத்தது என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அன்று நான் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன், இடைவெளி விடாமல் முந்தினேன், பக்கக் கண்ணாடியை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. பார்வை எதிரே ஒரே புள்ளியில் ஒட்டிக்கிடந்தது. கள் குடித்தவனுக்காவது தலை சுற்றும், கால் பின்னும். தான் சரியில்லை என்று ஒரு மூலையில் தெரியும். இதைப் போட்டவனுக்கு அந்த மூலையும் அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது இரவு மாத்திரை இறங்கத் தொடங்கியது. அது தூக்கத்தை அடைப்பதில்லை, தள்ளிவைக்கிறது. கந்துவட்டிக்கார ஆ லோங்கிடம் வாங்கிய கடன் போல, வட்டியோடு வாசலுக்கு வரும். சாலையோரக் கம்பங்கள் குந்தியிருக்கும் ஆட்களாகத் தெரிந்தன. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு ஆடு வந்தது. உனக்குச் சொன்ன அதே கறுப்பு, நெற்றியில் வெள்ளை. நிறத்தில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை.

காய்கறி லோரி ஓட்டிவந்தவர் பீடோரைச் சேர்ந்த ஒரு சீனப் பெரியவர், அறுபது தாண்டியவர். என் டிரெய்லரின் பின்னிரும்பு அவருடைய லோரி முகப்பை நசுக்கி அவர் காலை உள்ளே பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வரும்வரை நான் அவர் பக்கத்தில் நின்றேன். என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். "கம்பிங், அங்கிள்" என்றேன். வலியிலும் தலையை ஆட்டினார், நம்பினார். போலீஸ் அறிக்கையிலும் ஆடு என்றே எழுதப்பட்டது. சிறுநீர்ச் சோதனை என்று யாரும் பேச்செடுக்கவில்லை. பின்னால் வந்தவர் போதிய இடைவெளி விடவில்லை என்று பழி அவர் தலையில் விழுந்தது. நான் வேலை பார்த்த கம்பெனி மறு வாரமே எனக்கு வேறு வண்டி கொடுத்தது. அந்த மனிதர் மறுபடி லோரி ஓட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. முட்டைக்கோஸ் கதையை மட்டும் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். தீபாவளிக்கு வந்தாய், இரண்டு நாள் எழாமல் தூங்கினாய், எழுந்து மூன்று பேர் சோற்றைத் தின்றாய், தங்கையிடம் காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தாய். பிள்ளை பாவம், ஓட்டி ஓட்டிக் களைத்திருக்கிறான் என்றாள் அம்மா. நான் உன் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கும்போதும் பல்லைக் கடிக்கிறாய். உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. கால்சட்டை வாரில் புதிதாக இரண்டு துளை போட்டிருக்கிறாய். போன வாரம் போனில், "இராத்திரி டிரிப் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஏதாவது போட்டுக்கொள்கிறார்கள் அப்பா, அது போதைக்கு இல்லை, விழிப்புக்குத்தான்" என்றாய். நீ பேசியது மற்றவர்களைப் பற்றியே இருக்கட்டும். நானும் அன்று இதே சொற்களைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கணக்கு ஒன்று போட்டுப் பார். 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் போகும். மூளை தூக்கத்துக்குப் பட்டினி கிடந்தால் கண் திறந்தபடியே சில வினாடி தூங்கிவிடும். தூங்கியதே உனக்குத் தெரியாது. நான்கு வினாடி என்று வை, 100 மீட்டர். கண்டெய்னரோடு 40 டன் இரும்பு, ஓட்டுநர் இல்லாமல் 100 மீட்டர் ஓடுகிறது. மேனோரா சுரங்கப்பாதையின் இறக்கத்தில் அந்த 100 மீட்டர் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த இடத்தை என்னைவிட அதிகம் பார்ப்பவன் நீ. இந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், உன் தங்கை தொழிற்சாலைக்குப் போவது போல.

கஞ்சா பரவாயில்லை என்று சொல்லும் ஆட்களும் உன் கூட்டத்தில் இருப்பார்கள். லோரியில் எனக்கு உதவியாளாக வந்த கெலிண்டான் ஒருவன் அப்படித்தான், புகைத்தால் மெதுவாக, கவனமாக ஓட்டுவேன் என்பான். மெதுவாக ஓட்டினான், உண்மைதான். ஆனால் வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். முன்னே பிரேக் விளக்கு எரிந்து, அது அவன் தலைக்குப் போய், கால் அசைவதற்குள் ஒரு சகாப்தம் போய்விடும். அதோடு ஒரு பீரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கெத்தும் என்ற மரத்தின் இலையை வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, கூடிப்போனால் அபினைப் போல அமுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குகிறவனுக்கு எது கொஞ்சம், எது அதிகம் என்று யார் அளந்து கொடுக்கிறார்கள்? இவ்வளவும் எதற்கு, ஜலதோஷத்துக்குத் தரும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையே போதும். அதைப் போட்ட அன்று அம்மா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுத் தூங்கி, சட்டி கரியானது. மருந்துக் கடையில் வாங்கும்போதே "நான் லோரி ஓட்டுகிறேன், இது தூக்கம் வருமா" என்று கேள். கேட்பதில் வெட்கம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பிரிவு 44. 2020இல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். மதுவோ போதைப்பொருளோ உள்ளே இருந்து, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாமல் ஓட்டி ஓர் உயிர் போனால், முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், உரிமம் குறைந்தது 10 ஆண்டு கிடையாது. உயிர் போகாமல் காயம் மட்டும் என்றால் 7 முதல் 10 ஆண்டு. அந்தப் பெரியவரின் காலுக்கு இந்தச் சட்டம் அன்று இருந்து, யாராவது ஒருவர் என் கையில் சிறுநீர்ப் புட்டியைக் கொடுத்திருந்தால், 2004 வரைக்குமாவது எனக்குச் சிறைத்தண்டனை விழுந்திருக்கும். நீ பிறந்தது 1999. கணக்கு உனக்கே புரியும்.

இப்போது பெருநாள் காலத்தில் பஸ் நிலையங்களில் ஓட்டுநர்களை நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஷாபு சிறுநீரில் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்று கணக்குப் பார்த்துப் போடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான யோசனைகளை உனக்கு எழுத நான் உட்காரவில்லை. நானும் மாட்டிக்கொள்ளாதவன்தான்.

உன் கம்பெனியில் இரண்டாவது டிரிப் கொடுத்தால் முடியாது என்று சொல். வேலையை விட்டு நீக்குவேன் என்றால் நீக்கட்டும். இரண்டு பேர் வேலையை ஒருவனை ஓட்டவைத்து, இராத்திரி எப்படி விழித்திருக்கிறாய் என்று ஒரு முறைகூடக் கேட்காத முதலாளி, பதில் தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறான். அந்த மாதத் தவணையை நான் கட்டுகிறேன், என் சேமநிதியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. கண் சொருகினால் ஓய்வுத்தலத்தில் நிறுத்து, ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு இருபது நிமிடம் படு. அதற்கும் அடங்காவிட்டால் விடியும்வரை தூங்கு. சரக்கு தாமதமாகப் போகட்டும்.

நிறுத்த முயன்று முடியவில்லை என்றால் அதையும் சொல். ஹெராயினுக்கு மெத்தடோன் என்று மாற்று மருந்து இருக்கிறது, ஷாபுவுக்கு அப்படி ஒன்று இல்லை. முதல் இரண்டு வாரம் தூக்கமும் பசியும் எரிச்சலும் சோர்வும் உன்னைப் புரட்டி எடுக்கும். அப்போது தனியாக அறையில் கிடக்காதே, இங்கே வா. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் தானாகப் போய்ச் சிகிச்சை கேட்பவனுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. நான் கூட வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே வந்து எதுவும் பேச மாட்டேன்.

அம்மாவுக்கு ஆட்டைப் பற்றி இன்னும் தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் காரில் பீடோருக்குப் போகிறேன். அந்தப் பெரியவர் இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார், இல்லாவிட்டால் பிள்ளைகளாவது இருப்பார்கள். சந்தைப் பக்கம் போய்க் காலொடிந்த காய்கறி லோரிக்காரர் என்று விசாரித்தால் யாராவது வீட்டைக் காட்டுவார்கள். அன்று உனக்கு விடுப்பு என்றால் தாப்பா டோலில் வந்து ஏறிக்கொள். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருப்போம்.

அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.

அப்பா