வார்டு டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்: எங்கள விசிட்டர் கணக்குல சேக்காதீங்க

வணக்கம். மறதி நோய் வந்த அப்பாவ வீட்டுல பாத்துக்கிற மகள் நான்.

இத நியூராலஜி டாக்டர்களுக்கு எழுதல, அவங்களுக்கு இதெல்லாம் நாங்க சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. எலும்பு வார்டு, மெடிசின், சர்ஜரி, எமர்ஜென்சி இங்கெல்லாம் இருக்கிற உங்களுக்குத்தான் எழுதுறேன். ஏன்னா அல்சைமர் இருக்கிறவங்க அல்சைமருக்காகவே வந்து அட்மிட் ஆகுறது ரொம்ப கம்மி. விழுந்து இடுப்பெலும்ப உடைச்சுக்கிட்டு வருவாங்க, இல்ல நிமோனியா, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு வருவாங்க. நீங்க அதப் பாக்குறீங்க, நல்லாவே பாக்குறீங்க. ஆனா கூடவே வந்த மறதி நோய் ஃபைல்ல ஒரு ஓரத்துல ஒரு வரியா நின்னுடுது. உலகத்துல 2021ல 5.7 கோடி பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரி மறதி நோய்கள், இருந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால உங்க வார்டுக்கு இது எப்பவோ ஒரு தடவ வர்ற கேஸ் இல்ல.

எங்க அப்பா அட்மிட் ஆனப்ப ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "வலிக்குதா?"ன்னு கேட்டாரு, அப்பா "இல்ல, நல்லா இருக்கேன்"னாரு, அப்படியே எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. டாக்டர், அவரு யாரு என்ன கேட்டாலும் அதத்தான் சொல்வாரு. கேள்வி புரியலன்னு காட்டிக்காம சமாளிக்கிறதுக்கு அவரு கைவசம் வெச்சிருக்கிற பதில் அது. அவருக்கு வலிக்குதான்னு தெரியணும்னா வாயப் பாக்கக்கூடாது, கையப் பாக்கணும், கட்டை விரலால ஆள்காட்டி விரல தேச்சுக்கிட்டே இருப்பாரு, பொரட்டிப் படுக்க வைக்கும்போது புருவம் சுருங்கும், மூச்ச இழுத்துப் பிடிப்பாரு. இதுக்குன்னே பெயினாட்னு ஒரு ஸ்கேல் இருக்குறது உங்களுக்குத் தெரியும், மூச்சு, முனகல், முகம், உடம்பு, ஆறுதல் சொன்னா அடங்குறாங்களா, இந்த அஞ்சுக்கும் 0லருந்து 2 வரைக்கும் மார்க், மொத்தம் 10. அது நோயாளி வாயால சொல்றத நம்பி இல்ல, பாத்தே போடுறது. அதுக்கும் மேல அந்த விரல் விஷயம் எந்த ஸ்கேல்லயும் கிடையாது, எங்கிட்டதான் இருக்கு, ஆனா அந்த நேரம் என்ன வெளிய பெஞ்சுல உக்கார வெச்சிருந்தாங்க.

இதவிட பெருசு டெலிரியம், அதாவது திடீர்னு வர்ற மனக்குழப்பம். மறுநாள் அப்பா ஆளே மாறிட்டாரு, கூரையில யாரோ நிக்கிறாங்கன்னாரு, சாயங்காலம் தெளிவா இருந்தாரு, ராத்திரி திரும்பவும் ஆரம்பிச்சது. நான் சொன்னதுக்கு வந்த பதில், "டிமென்ஷியாதானே, அப்படித்தாம்மா இருக்கும்". இல்ல சார், அப்படி இருக்காது. டிமென்ஷியா மாசக்கணக்குல வருஷக்கணக்குல மெதுவா இறங்குறது, ரெண்டு நாள்ல திடீர்னு மாறி, மணிக்கு மணி ஏறி இறங்குதுன்னா உள்ள வேற ஏதோ நடக்குது. கிருமியா இருக்கலாம், உடம்புல தண்ணி கம்மியா இருக்கலாம், மலச்சிக்கல், யூரின் அடைச்சு வயிறு உப்பி இருக்கிறது, புதுசா சேத்த மாத்திரை, சரியா கவனிக்காத வலி, தூக்கம் இல்லாதது, இப்படி தேடினா காரணம் கிடைக்கும், சரி பண்ணா பெரும்பாலும் குறையவும் செய்யும். கத்துறவங்களாவது உங்க கண்ணுல படுவாங்க, சத்தமே போடாம தூங்கி வழியிற டெலிரியம் ஒண்ணு இருக்கு, "இன்னைக்கு அமைதியா இருக்காரு, நல்லது"ன்னு தாண்டிப் போயிடுறீங்க. டெலிரியமான்னு பாக்க 4ஏடின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும், அதுல ஒரு கேள்வியே இது திடீர்னு வந்த மாற்றமாங்கிறதுதான். அவரு நேத்து எப்படி இருந்தாருன்னு அந்த வார்டுல யாருக்குத் தெரியும், எங்களத் தவிர?

கையக் கட்டுறதப் பத்தியும் சொல்லியாகணும். ட்ரிப்ஸ பிடுங்குறாருன்னு கட்டுனீங்க. அப்பா லேத் பட்டறையில நைட் ஷிப்ட் பாத்த ஆளு, ராத்திரி முழிப்பு வந்தா "ஷிப்டுக்கு நேரமாச்சு"ன்னு எழுந்திரிப்பாரு. "தாத்தா, படுங்க தாத்தா"ன்னு தோளப் பிடிச்சு அமுக்குனா யாரோ வேலைக்குப் போக விடாம தடுக்குறாங்கன்னு முட்டி மோதுவாரு. "இன்னைக்கு லீவுப்பா, உங்களுக்கு பதிலா ஆள் போயாச்சு"ன்னு நான் சொன்னா, "அப்படியா, மெஷின ஆஃப் பண்ணியாச்சான்னு கேளு"ன்னுட்டு படுத்துருவாரு. அவ்வளவுதான். கட்டவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

ஊசின்னதும் ஞாபகம் வருது. வயசான டிமென்ஷியா நோயாளிகளுக்கு ஆள அடக்கப் போடுற ஆன்டிசைக்காட்டிக் (மனநோய்) மருந்து கொடுத்தா சாவு ஆபத்து கூடுதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005ல புது வகை மருந்துகளுக்கு கட்டம் போட்டு எச்சரிக்கை கொடுத்துச்சு, 2008ல பழைய வகைக்கும் சேத்துச்சு. லூயி பாடி டிமென்ஷியான்னு ஒரு வகை இருக்கிறவங்களுக்கு ஹாலோபெரிடால்ங்கிற பழைய வகை மருந்த போட்டா உடம்பு விறைச்சு ரொம்ப மோசமா போயிடலாம். இத எல்லாம் எப்பவுமே போடக்கூடாதுன்னு சொல்ல நான் யாரு, தனக்கோ பக்கத்துல இருக்கிறவங்களுக்கோ ஆபத்துன்னு வர்றப்ப கம்மி டோஸ்ல கொஞ்ச நாளைக்கு தேவைப்படலாம், புரியுது. போடுறதுக்கு முன்னாடி எந்த வகை டிமென்ஷியான்னு எங்கள ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொல்றேன். அதே மாதிரி தூக்கத்துக்கு, அரிப்புக்குன்னு போடுற பழைய அலர்ஜி மாத்திரைகள். அப்பா மறதி நோய்க்கு டோனெபெசில் சாப்புடுறாரு, அது மூளையில ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்த கொஞ்சம் தக்க வைக்கப் பாக்குற மருந்து, இந்த அலர்ஜி மாத்திரை அதே அசிட்டைல்கோலின் வேலை செய்யாம மறிக்குது. காசு கொடுத்து ரெண்டு மாத்திரை வாங்கி அதுங்களுக்குள்ள சண்டை மூட்டி விடுற கதைதான்.

சிஸ்டர், உங்க மேல கோவம்னு நெனச்சுக்காதீங்க. ராத்திரி ஒரு ஆளா அத்தன கட்டிலுக்கும் ஓடுறத கண்ணால பாத்தோம், ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து லீவு கதை சொல்ல உங்களுக்கு நேரம் கிடையாது. அதனாலதான் சொல்றேன், அந்த நேரம் எங்ககிட்ட இருக்கு, உள்ள விடுங்க. பிரிட்டன்ல 2014ல நிக்கி ஜெரார்ட், ஜூலியா ஜோன்ஸ்னு ரெண்டு எழுத்தாளருங்க ஜான்ஸ் கேம்பெயின்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க, ஜெரார்டோட அப்பா ஜானுக்கு அல்சைமர், ஆஸ்பத்திரியில சேத்தப்ப குடும்பத்த சரியா பாக்க விடாம அவரு ரொம்பவே மோசமா ஆயிட்டாருங்கிற வருத்தத்துல வந்தது அது. டிமென்ஷியா இருக்கிறவங்களோட வீட்டாள் எந்நேரமும் கூட இருக்கலாம்ங்கிறதுதான் கோரிக்கை, அங்க நெறைய ஆஸ்பத்திரிங்க ஒத்துக்கிட்டாங்க. நடக்காத காரியம் இல்ல.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. கூட இருக்க விடுறதுங்கிறது மொத்த வேலையையும் எங்க தலையில கட்டுறது ஆயிடக்கூடாது. படுக்கைப் புண்ணு வராம பொரட்டுறது, மூச்சு திணறுதான்னு பாக்குறது இதெல்லாம் உங்க வேலைதான். வீட்டுல எங்களுக்கு ராத்திரி தூக்கமே கிடையாது, சில பேருக்கு அந்த ஒரு வாரம்தான் முதுகு சாய்க்கிற வாரமா இருக்கும், அவங்க வீட்டுக்குப் போய் தூங்கிட்டு வரட்டும், "என்ன இப்படி விட்டுட்டுப் போறாங்க"ன்னு பேசிக்காதீங்க.

சாப்பாட்டுக்குழாய் விஷயமும் இப்படித்தான். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் "சாப்பிட மாட்டேங்குறாரு, ட்யூப் போட்டுடலாம், கையெழுத்துப் போடுங்க"ன்னு ஃபார்ம நீட்டாதீங்க. முத்திப்போன டிமென்ஷியாவுல ட்யூப் வேண்டாம், பொறுமையா கையால ஊட்டுறதே நல்லதுன்னு அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கமே சொல்லுது. உக்காந்து பேசுற அளவுக்கு முன்னாடியே ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க, நாங்களும் அண்ணன் தம்பின்னு நாலு பேர்கிட்ட கேக்கணும்ல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு சும்மா சீட்டக் கொடுத்து அனுப்பாம எந்த மாத்திரை புதுசு, எத எப்ப நிறுத்தணும்னு எழுதிக் கொடுங்க. அப்புறம், கண்ணாடியையும் காது மெஷினையும் "தொலைஞ்சிடும்"னு எங்க கையில கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீங்க. சரியா கண்ணும் தெரியாம காதும் கேக்காம படுத்திருக்கிற ஆளுகிட்ட போய் இது என்ன வருஷம்னு கேட்டா அவரு என்னத்த சொல்வாரு? தொலைஞ்சா தொலையட்டும், வேற வாங்கிக்கிறோம், மாட்டி விடுங்க.

இப்படிக்கு,
அப்பாவப் பாத்துக்கிற ஒரு மகள்