தங்கச்சி பார்க்கிற வேலை

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபமில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எதிரில் சிலதைப் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்புக்கு அவ்வளவுதான் வரும்.

"அந்த என்ஜிஓவை விட்டுட்டு தங்கச்சியை பி.எட். சேரச் சொல்லுங்கம்மா, அதெல்லாம் ஒரு வேலையா" என்றாய். நானும் அப்படி நினைத்தவள்தான். யாராவது கேட்டால் "ராம்நாட்டில் ஏதோ ஆபீஸ்" என்று மழுப்பிவிடுவேன்.

இலங்கை நேவிக்காரர்கள் அப்பாவைப் படகோடு பிடித்துக்கொண்டு போனபோது நீ சார்ஜா போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காவற்துறை கோர்ட், யாழ்ப்பாணம் ஜெயில் வரைக்கும் உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த தொண்டு நிறுவனத்து அக்காவைப் பற்றி உனக்குத் தெரியாது. கட்சிக்காரர்களும் டிவிக்காரர்களும் முதல் நாளே வந்து, நான் அழுவதைப் படம் பிடித்துக்கொண்டு போயாயிற்று. இந்த அக்கா ஒரு துணிப்பையோடு வந்து, படகு பதிவுப் புத்தகம் எங்கே, டோக்கன் எங்கே, மீனவர் அட்டை எங்கே என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு வாங்கி நகல் எடுத்து, மீன்துறை ஆபீசுக்கு என்னோடு பஸ்ஸில் வந்து, ஜெயிலில் இருக்கிறவர் குடும்பத்துக்கு அரசாங்கம் தருகிற தினப்படிக்கு மனுவும் எழுதிக் கொடுத்தார். நாலு தடவை போனோம். அப்படி ஒன்று தருகிறார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். எட்டாயிரமாம், அதுவும் மூன்று மாதமாக வரவில்லையாம். அந்த நாலு தடவையும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தது அவர்தான்.

தங்கச்சி அந்த அக்காவைப் பார்த்துத்தான் இந்த வேலைக்குப் போனாள். முதலில் 1098-ல் இருந்தாள், குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடுகிற நம்பர். 1996-ல் பம்பாயில் ஆரம்பித்ததாம், அப்போதெல்லாம் போன் வந்தால் அங்கங்கே உள்ள தொண்டு நிறுவனத்து ஆட்கள்தான் ஓடுவார்கள். 2022-ல் இலங்கையில் சாமான் விலை ஏறிப் பிழைக்க வழியில்லாமல், கைப்பிள்ளையோடு தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்களே, அவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டு வந்த நாட்களில் இவள் வீட்டுக்கு வந்ததே குளிக்கத்தான். மறு வருஷம் 1098-ஐ அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்தது. அதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் ராத்திரி பகல் பார்க்காமல் அந்த போனை எடுத்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு வேலை போனது, இவளுக்கும்தான். ஒரு நன்றிக் கடிதாசிகூட வரவில்லை.

இப்போது இருக்கிற இடம் சின்னது. தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற நிதிக்கான சட்டத்தை 2020-ல் திருத்தினார்களாம், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு நூற்றுக்கு 50 வரை எடுக்கலாம் என்றிருந்ததை 20 ஆக்கிவிட்டார்களாம். ஆபீஸ் வாடகை, கணக்கு எழுதுகிற பெண்ணின் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். காசு தின்றவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? 2004 சுனாமியில் இலங்கை குறுக்கே இருந்ததால் நம் கரைக்குப் பெரிய சேதமில்லை, அதற்கே எத்தனை ஜீப் போர்டு மாட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்துப் போனது என்று நான் பார்த்தவள். ஆனால் அந்த ஜீப்பில் வந்தவனும் பஸ்ஸில் வந்த அந்த அக்காவும் ஒன்றா?

எனக்கு எரிச்சலே இந்த 'சேவை' என்கிற பேச்சில்தான். மேடையில் சேவை, சேவை என்று சால்வை போடுவார்கள், சம்பளம் என்று வாயைத் திறந்தால் "சேவைக்கு வந்தவள் காசு பார்க்கலாமா" என்பார்கள். எங்கள் கதையும் இதுதானே. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவைச் சுற்றிப் பாறையில் மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி எடுக்கிற பொம்பளைகளை மீனவர் என்று கணக்கில் எடுக்கவே எத்தனை நடை நடந்தோம். "நீங்கள் வீட்டுக்காரருக்கு ஒத்தாசைதானே செய்கிறீர்கள்" என்றார்கள். கால் கிழிந்து ரத்தம் வருவதெல்லாம் ஒத்தாசையாம்.

பி.எட். படிக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசை வந்தால் படிக்கட்டும், பீஸ் நீ கட்டு. ஆனால் இது வேலையில்லை என்பதற்காகப் படிக்கச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் போடு. சம்பளம் வந்ததா என்று கேள், இந்த வாரம் எங்கே போனாய் என்று கேள், உன்னிடம் அதையெல்லாம் சொல்ல ரொம்ப நாளாய்க் காத்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் பயப்படுவேன் என்று பாதியை முழுங்கிவிடுகிறாள்.

அப்புறம், மேலத்தெரு பையன் பத்தாம் தேதி சார்ஜா வருகிறான். நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறேன், போன தடவை மாதிரி ரூம்காரனுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே.

அம்மா