பழைய கோபெக் காசுகள்

ஆசிரியருக்கு,

சோவியத் நாணயச் சீர்திருத்தம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஒரு திருத்தம் தேவை. 1961 ஜனவரி 1 முதல் பழைய பணம் எல்லாமே பத்துக்கு ஒன்று என்று, அதாவது பத்து பழைய ரூபிளுக்கு ஒரு புதிய ரூபிள் என்று, மாற்றப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய 1, 2, 3 கோபெக் (ரூபிளின் நூறில் ஒரு பங்கு) காசுகளுக்கு அது பொருந்தாது. அவை முகமதிப்பு குறையாமல் புழக்கத்தில் தொடர்ந்தன. சில்லறை சேர்த்து வைத்திருந்தவர்களின் கையில் அதன் வாங்கும் சக்தி ஒரே நாளில் பத்து மடங்கானது. பழைய 5 கோபெக்கிற்கு இந்தச் சலுகை கிடையாது.

புதிய வரிசையில் பித்தளைக் காசுகளின் எடையே மதிப்பைச் சொல்லும்: 1 கோபெக் 1 கிராம், 2 கோபெக் 2, 3 கோபெக் 3, 5 கோபெக் 5 கிராம். விட்டம் முறையே 15, 18, 22, 25 மில்லிமீட்டர். எடை பார்க்க 0.01 கிராம் துல்லியமுள்ள தராசு வேண்டும். தேய்ந்த காசு சற்றுக் குறையும்.

பழைய காசில் ஆண்டெண் அழிந்திருந்தால், சோவியத் அரசுச் சின்னத்தில் கோதுமைக் கதிர்களைச் சுற்றிய ரிப்பன் மடிப்புகளை எண்ணுங்கள்; ஒரு குடியரசுக்கு ஒரு மடிப்பு. 1948 முதல் 1956 வரை 16. ஒன்றியத்தின் உறுப்புக் குடியரசு என்ற தகுதியை கரேலியா-பின்னிஷ் குடியரசு இழந்தபின், 1957 முதல் 15.

வினிகர், எலுமிச்சை இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். அமிலம் பித்தளையின் மேற்பரப்பில் உள்ள துத்தநாகத்தைக் கரைத்துவிடும். காசு செம்பு நிறத்தில் வெளிறிப்போகும், அதை மீட்கவே முடியாது. பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறையால் பச்சைப் பிசுக்கு படிந்திருந்தால், காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பின்றி, தூய அசிட்டோனில் ஊறவையுங்கள். தேய்க்காமல் உலரவிட்டு, பாலியெஸ்டர் உறையில் வையுங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்