பணம் இருக்கட்டும் தம்பி, ஒரு சனிக்கிழமை கொடு

சேலம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "மீட்டிங்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

நான் சனிக்கிழமைதோறும் போகிற விளையாட்டுப் பயிற்சிப் பிள்ளைகளுக்காக நீ அனுப்பிய பத்தாயிரம் வந்துவிட்டது. "அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லியிருந்தாய். பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று சொல்லி கேக்கும் பிரியாணியும் கொண்டுவந்து இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். காலை ஆறரை மணிக்கு ஒரு லேனின் முனையில் நின்று, "இங்க பாரு, என்னைப் பார்த்து ஓடி வா" என்று கூப்பிடுவதற்குத்தான் ஆள் இல்லை.

நான் அங்கே என்ன செய்கிறேன் என்று நீ சரியாகக் கேட்டதே இல்லை. கோரிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளி மைதானம், எதிரே சேர்வராயன் மலை. சனிக்கிழமைதோறும் முப்பது பேர் வரை பயிற்சிக்கு வருவார்கள். எல்லோரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். என் கையில் ஸ்டாப்வாட்ச். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கு மில்லி கணக்குப் பார்த்த கைதானே, நொடியில் பத்தில் ஒரு பங்கு தப்பாமல் அமுக்கிவிடுகிறேன். பயிற்சியாளருக்கு அதில் பரம திருப்தி.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், "நம்ம மாரியப்பன் மாதிரியாங்க?" என்று. பெரியவடகம்பட்டிப் பையன் 2016ல் ரியோவில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதிலிருந்து சேலத்தில் எல்லாக் கேள்வியும் அங்கேதான் போய் நிற்கும். அது மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்ஸ். தகுதி அளவைத் தொட்டால்தான் உள்ளேயே போக முடியும். அதிலும் அறிவுசார் குறைபாட்டுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி 2024ல் பாரிஸில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியது அதில்தான். எங்களுடையது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே இருப்பது. அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் தங்கை யூனிஸ், தன் அக்கா ரோஸ்மேரிக்கு இருந்த குறைபாட்டைப் பார்த்தே வளர்ந்தவர், அவர் 1968ல் சிகாகோவில் தொடங்கியது. எட்டு வயது ஆனால் போதும், போட்டியில் இறங்கலாம். 2023 ஜூனில் உலகப் போட்டி நடந்ததே, அது எங்கே தெரியுமா? நீ இருக்கிற பெர்லினில்தான். சுமார் 7,000 வீரர்கள் வந்தார்கள். இந்தியா 202 பதக்கம் கொண்டுவந்தது. நீ அன்று டிராம் கூட்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

202 என்றதும் வாயைப் பிளக்காதே, அங்கே கணக்கே வேறு. முதலில் எல்லோரையும் ஒருமுறை ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். வயது, ஆண் பெண், அப்புறம் அந்த நேரம், மூன்றையும் பார்த்துக் குழு பிரிப்பார்கள். ஒரு குழுவில் மூன்று பேருக்குக் குறையாமல், எட்டுப் பேருக்கு மிகாமல். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குழுவிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம், நான்காவதிலிருந்து எட்டாவது வரை ரிப்பன். சமமானவனோடு சமமானவன் ஓடும்போதுதானே பந்தயம். நம் ஊர்ப் பள்ளிகளில் இதை ஏன் செய்வதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. போன மாதம் ஒரு போட்டி. ஓமலூர்ப் பக்கத்துப் பையன், பதினேழு வயது, 100 மீட்டர். காலையில் நேரம் குறிக்கும் ஓட்டத்தில் என் வாட்ச்சில் 18.9. பயிற்சியில் பதினைந்தரைக்குள் வருகிறவன். எனக்கு அப்போதே உறுத்தியது. கம்பிவேலி ஓரம் அவன் அப்பா நின்று, "மெதுவா வா கண்ணு, மெதுவா" என்று கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். மெதுவான குழுவில் போய் விழுந்தால் தங்கம் நிச்சயம் என்று கணக்கு. மத்தியானம் இறுதி ஓட்டம். விசில் ஊதியதும் பையனுக்கு அப்பாவும் மறந்தது, கணக்கும் மறந்தது. மற்றவர்களை இருபது மீட்டர் பின்னால் விட்டு வந்தான். 15.4.

காலை ஓட்டத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால், காலையில் முழுமூச்சாக ஓடவில்லை என்று பொருள், தகுதி நீக்கம். எங்கள் போட்டியில் அதுதான் விதி. இவனுக்குப் பதினெட்டரை சதவீதம் வந்தது. கோட்டில் நான் ஒரு விநாடி யோசித்தேன், தம்பி. 16.1 என்று எழுதினால் தங்கம். யாருக்கும் தெரியாது. பையன் மூச்சு வாங்க என் கையைப் பிடித்து வாட்ச்சை எட்டிப் பார்த்து, "எவ்ளோ?" என்றான். பார்த்ததைச் சொல்லிவிட்டேன், "பதினஞ்சு புள்ளி நாலு." சொன்ன பிறகு எதை மாற்றி எழுதுவது?

அவன் அப்பா மேசைக்கு வந்து கத்தினார். "நீங்க எழுதினதுதானே சார், ஒரே ஒரு மெடல் கெடைச்சா எங்க ஊர்ல நாலு பேர் வாயை அடைச்சிருப்பேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கா, ஆறாவது படிக்கும்போது ஒரு செஸ் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் சேர்த்தால் பரிசு நிச்சயம் என்று, "யார் கேட்டாலும் பத்துன்னு சொல்லு" என்று பஸ்ஸில் வைத்துப் பாடம் நடத்தினேன். மேசையில் இருந்தவர் கேட்டதும் நீ பளிச்சென்று "பதினொண்ணு" என்றாய். திரும்பி வரும்போது ஐந்து ரோடு ஸ்டாப் வரை உன்னோடு பேசவே இல்லை. அதற்கு நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், தப்பு என் மேல்.

அந்தப் பையன்? கலந்துகொண்டதற்கான ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு, சாயங்காலம் வரை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "பதினஞ்சு புள்ளி நாலு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரரிடம்கூட.

நானும் அங்கே குட்டுப் பட்டிருக்கிறேன். முதல் வாரம் ஒருவரை "வாடா கண்ணு" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் நின்று, "எனக்கு இருபத்தாறு வயசு" என்றார். அதிலிருந்து "வாங்க". போச்சே என்கிற பந்து உருட்டும் ஆட்டத்தில் கெட்டிக்காரர். நம் கோலிக்குண்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள். சின்னப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, ஒரு தரப்புக்கு நாலாகப் பெரிய பந்துகளை அதன் அருகில் கொண்டுபோக வேண்டும். கண்ணளவு அவரிடம் செல்லாது. மண்ணில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, டேப்பை வைத்து, "சார், அரை செண்டி" என்பார். பட்டறையில் இவர் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வெள்ளி மிச்சமாகியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். இதில் குறைபாடு உள்ளவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் ஜோடியாக ஆடும் முறை ஒன்று இருக்கிறது. நம் போச்சேக்காரருக்கு ஜோடி இல்லை. எனக்கு முட்டி மடங்காது. நீ டிசம்பரில் வரும்போது ஆட வேண்டும். உன்னை எனக்குத் தெரியும், அவருக்கு உதவுகிறேன் என்று எல்லாப் பந்தையும் நீயே போட்டு ஜெயித்துக் கொடுக்கப் பார்ப்பாய். அது அங்கே தப்பாட்டம். ஜோடி என்றால் ஜோடிதான். உன் போட்டோவைக் காட்டியிருக்கிறேன். "உருட்டுவாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

வந்த முதல் சனிக்கிழமையே. ஆறு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவேன், ஜெட்லாக் கதையெல்லாம் வேண்டாம். நல்ல ஷூ கொண்டு வா, புதுசு வேண்டாம், மண் ஒட்டும். முடிந்ததும் தட்டுவடை செட் என் செலவு. அவருக்குக் காரம் கம்மி, பீட்ரூட் தூக்கல்.

அப்பா

பி.கு.: அம்மா கேட்கச் சொன்னாள், ஸ்வெட்டர் பத்துகிறதா?