உன் தோழியின் காதுக்கு

அன்புள்ள நித்யாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். அத்தை வீட்டு விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதை அம்மா சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். உன்னோடு டைவிங் சொல்லிக்கொடுக்கிற ஃபிரெண்டு ஒருத்திக்குக் காது வலி, எந்த டிராப்ஸ் நல்லதுப்பா என்று கேட்டிருந்தாய். உடனே கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே எடுப்பதில்லை, டைப் செய்துதான் அனுப்புகிறாய். வேலை அதிகமாக இருக்கும். அதனால் உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன். உன் தோழியிடம் படித்துக் காட்டு.

டிராப்ஸ் பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இத்தனை வருஷம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், சீட்டு இல்லாமல் காதுக்கு மருந்து கொடுத்ததில்லை என்று உனக்குத் தெரியும். காது ஜவ்வில் ஓட்டை இருந்து, ஜென்டாமைசினோ நியோமைசினோ கலந்த சொட்டு உள்ளே இறங்கினால் உட்காதையே கெடுத்துவிடலாம். கடலுக்குள் போகிறவர்களுக்கு அழுத்தத்தில் ஜவ்வு கிழிவதும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் பூஞ்சையாக இருந்தால் அது தொடவே தொடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று லைட் அடித்துப் பார்த்த டாக்டர்தான் எழுத வேண்டும்.

காது மடலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல். அதில் உயிர் போகிறதென்றால் வெளிக்காதில் சீழ்க்கிருமி. மே மாதம் பூராவும் கிணற்றில் கிடந்துவிட்டுப் பையன்கள் கடைக்கு வருவார்களே, அதேதான். தண்ணீரில் ஊறி ஊறித் தோல் நெகிழ்ந்துபோனால் சூடோமோனாஸ் மாதிரிக் கிருமிகள் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வலிக்கவில்லை, கீழே இறங்கும்போதுதான் ஆரம்பித்தது, பஞ்சு வைத்த மாதிரி அடைத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் அழுத்தத்தால் வந்தது. அதற்குச் சொட்டு விட்டுப் பிரயோஜனம் இல்லை. தண்ணீருக்குள் போகாமல் இருப்பதுதான் வைத்தியம். இரண்டும் இல்லாமல் காதுக்குள் இரைச்சல், தலைசுற்றல், ஒரு பக்கம் திடீரென்று மந்தமாகிவிட்டது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அன்றைக்கே போட் ஏறி போர்ட் பிளேருக்குப் போய் ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்க வேண்டும். போன மாதம் வீடியோ காலில் பேசும்போது இயர்போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் மாட்டிக்கொண்டாய். ஒயர் சரியில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறாள். பார்சலில் வந்தால் தலைக்குத் தேய்த்துக்கொள், காதில் ஒரு சொட்டும் விடாதே. செல்லூர் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று மறந்திருக்க மாட்டாய். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, சரி. ஆனாலும் ஆரம்பம் அந்த எண்ணெயும் கோழி இறகும்தான்.

கடைக்கு வருகிறவர்களிடம், வைகையில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் அந்தமானில் வெளிநாட்டுக்காரர்களுக்கே கடலுக்குள் பாடம் எடுக்கிறாள் என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பி.இ. படித்ததை இப்போதெல்லாம் சொல்வதே இல்லை. ஆனால் பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது, அதிலும் காதைப் படுத்துவது மேலே முதல் சில மீட்டர்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த மேல்தண்ணீரிலேயே நாள் முழுக்க ஏறி இறங்குகிறவளும் நீதான். உன் தோழியும்தான்.

அடுத்தவர் காதுக்குச் சொல்வதை அவளும் செய்ய வேண்டும். வலி வருவதற்கு முன்னாலேயே, இறங்க இறங்க ஈக்வலைஸ் செய்ய வேண்டும், அதாவது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். திறக்கவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதக் கூடாது, கொஞ்சம் மேலே வந்துவிட வேண்டும். சளி இருந்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கினால் கீழே இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்துவிடும், ஏறி வரும்போது காது பூட்டிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டு, துண்டு நுனியால் ஒற்றினால் போதும். பட்ஸ் வேண்டாம். காதழுக்குதான் காதுக்குக் காவல், அதைக் குடைந்து எடுத்துவிட்டு அப்புறம் அரிக்கிறது என்றால் எப்படி? காது நன்றாக இருக்கும்போது, ஜவ்வும் முழுசாக இருந்தால், இரண்டு சதவீத அசிட்டிக் அமிலச் சொட்டைக் காலையும் மாலையும் ஒவ்வொரு காதிலும் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைக்கலாம். அவசரத்தில் இரண்டு நிமிஷத்தில் கவிழ்த்துவிடக் கூடாது. இது வராமல் தடுக்கத்தான். வந்த பிறகு விட்டால் எரிந்து தொலைக்கும்.

ஆறியும் ஆறாமலும் மறுபடி இறங்கக் கூடாது. வெளிக்காதுதான் என்றாலும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சீசன் எப்படியும் முடியப்போகிறது, பத்து நாள் சம்பளம் போனால் போகட்டும், நான் போட்டுவிடுகிறேன். ஊருக்கு வருவதாக இருந்தாலும் அங்கேயே காட்டிவிட்டு வா. அடைத்த காதோடு விமானம் ஏறினால் வலி இன்னும் கூடும். கடைசி டைவுக்கு அப்புறம் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பதை நான் சொல்லவா வேண்டும்? சளி இருந்தால் இறங்காதே தாயி. முன்னாலேயே சொன்னேன், இருக்கட்டும்.

டாக்டர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், மருந்து சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன். மேலே பெயர் இருக்கும் இடத்தை மடித்து மறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா