குள எல்லையும் ஓரங்குலப் படமும்

ஆசிரியருக்கு,

கைவிடப்பட்ட குளங்களைப் புனரமைக்கக் கேட்கும் கமக்காரர் அமைப்புகள் மனுவோடு பழைய ஓரங்குல இடவிளக்கப்படத்தின் போட்டோக்கொப்பியையும் இணைக்கின்றன. நல்ல வேலை. ஆனால் அந்தக் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஏக்கர் கணக்குப் போடுவதுதான் வினை.

நில அளவைத் திணைக்களத்தின் அந்தப் படத்தில் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்குள் 640 ஏக்கர். 40 ஏக்கர்க் குளமென்றால் கால் அங்குலத்துக்குக் கால் அங்குலம், அவ்வளவே. ஏ3 அளவுக் கொப்பியை ஏ4 ஆக்கினால் நீளம் 71 வீதமாகும், பரப்பு சரிபாதியாகும். அதே குளம் 20 ஏக்கர் என்று மனுவில் ஏறிவிடும். ஓரத்தில் அச்சிட்ட 'ஒரு அங்குலம் ஒரு மைல்' மட்டும் அப்படியே நின்று ஆளை ஏய்க்கும். மைல்களைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டு அளவுத்திட்டமோ படத்தோடு சேர்ந்தே சுருங்கும். அதை வெட்டாமல் கொப்பி எடுத்து அதைக்கொண்டே அளக்க வேண்டும்.

ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு வன்னியில் கை கொடுக்காது. 100 அடி உயரத்துக்கு ஒரு கோடு. சிறுகுளக் கட்டு அதற்குள் எங்கே தெரியும்? கனகராயன் ஆற்றுப் பக்கம் நீரோட்டம் பார்க்க ஓடைக் கோடுகளையே பிடித்துப் போக வேண்டும்: மேல் குளத்து வான் (மிகைநீர் வழியும் இடம்) எந்த ஓடையில் விழுகிறது, அது எந்தக் குளத்து அலைகரைக்குள் (நீர் பரவி நிற்கும் பரப்புக்குள்) போகிறது என்று. நடுவில் உடைந்து கிடக்கும் குளத்தைப் பாராமல் மேலே வானை அகட்டினால், மாரியில் கீழ்க்குளத்துக் கட்டுக்குத்தான் ஆபத்து.

அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரணைமடுக் குளக்கட்டு ஒருமுறைக்கு மேல் உயர்த்தப்பட்டது. பழைய பதிப்பின் அலைகரை இன்றையதல்ல.

கைத்தொலைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கை அப்படியே பழைய படத்தில் குறித்தால் இடம் 200 மீற்றருக்கு மேல் தள்ளி விழும். அந்தப் படங்களில் அகலாங்கு நெட்டாங்கைக் கணிக்கும் ஆதாரம் கந்தவல (நம் கண்டாவளை அல்ல, நீர்கொழும்புப் பக்கத்து ஊர்), தொலைபேசியினது வேறு. மாற்றிய பிறகே குறிக்க வேண்டும்.

குளம் இருந்தது, இன்ன ஓடையில் இருந்தது என்பதற்கு இந்தப் படம் நல்ல சான்று. எல்லைக்கு ஆகாது. அரை மில்லிமீற்றர்ப் பென்சில் கோடே தரையில் 32 மீற்றர் அகலம். காட்டெல்லைத் தகராறுக்குப் பெரிய அளவுத்திட்டத்தில் வரைந்த இறுதிக் கிராமப் படத்தைக் கேட்டு வாங்கி, நில அளவையாளரைக் கொண்டு கல் நடுவிக்க வேண்டும். மனுவில் படத்தாளின் பெயரையும் பதிப்பாண்டையும் எழுதினால் மூலத்தாளை எடுத்துப் பார்க்க அலுவலருக்கும் சுகம்.

வாசகர்,
மாங்குளம்.