சிறை அலுவலர் தேர்வுக்குப் படிக்கும் குமரி மாவட்டத் தம்பி, தங்கையருக்கு

அன்புள்ள தம்பி, தங்கையருக்கு,

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பயிற்சி மையங்களில் படிக்கும் உங்களில் பலரோடு பேசியிருக்கிறேன். குரூப் 1, குரூப் 2, எஸ்.ஐ. என்று வரிசையாகச் சொல்வீர்கள். உதவி சிறை அலுவலர் தேர்வு என்றால் மட்டும் "எதுக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்போம்" என்பீர்கள். வீட்டிலும் "ஜெயில் வேலையா?" என்று முகம் சுளிப்பார்கள். சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் கேட்கிறேன்: அந்தத் தேர்வை ஆசைப்பட்டு எழுதுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. எந்தச் சிறை என்பது வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு பையன், திருட்டு வழக்கில் ரிமாண்டில் இருந்தான். மனு பார்க்கும் நாளில், அதாவது வீட்டார் கைதியைப் பார்க்க வரும் நாளில், அவன் அம்மா இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார். கையில் தூக்குவாளி, அதில் கிழங்கும் மீன் குழம்பும். உள்ளே கொண்டுபோக முடியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கொண்டுவருவார். ஒருநாள் என்னிடம், "சாரே, கோர்ட்டில ஜாமீன் குடுத்தாச்சுன்னு வக்கீல் சொன்னாரு. பின்ன எதுக்கு பயல உள்ள வச்சிருக்கிய?" என்று கேட்டார். ஜாமீன் நின்று கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அது கோர்ட் விஷயம், நம் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் ஏழு மாதம் பையன் உள்ளேயே இருந்தான். ஒரு காகிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்தத் தூக்குவாளியின் மூடிச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கும்.

இன்றைக்கு "நம் வேலை இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை, இலவசச் சட்ட உதவி செய்யும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தூக்கு, ஆயுள் வரை போகிற குற்றங்களும், ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களும் இதில் வரமாட்டார்கள். மற்றபடி, முன்பு தண்டனை பெறாத ஒருவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைத் தீர்ப்பு வராமல் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணைப் பத்திரத்தில் விட வேண்டும். முன்பு தண்டனை பெற்றவர்களுக்குப் பாதிக் காலம். அதற்கு நீதிமன்றத்துக்கு உடனே எழுத வேண்டியவர் கண்காணிப்பாளர்தான். இன்று உதவி சிறை அலுவலராகச் சேரும் நீங்கள் நாளை உட்காரக்கூடிய நாற்காலி அது.

2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். சீர்திருத்தம் என்றதும் தையல் பயிற்சி, நூலகம், கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்க் எல்லாம் நினைவுக்கு வரும். நல்லதுதான், அதையும் செய்யுங்கள். ஆனால் தீர்ப்பே வராமல் உள்ளே இருக்கிறவருக்கு முதலில் வேண்டியது அவர் தேதியைக் கணக்குப் பார்க்கிற ஓர் அதிகாரி.

இன்னொன்று. சிறையில் கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் பதிவேட்டில் சாதிக் கட்டம் வைப்பதும் கூடாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சிறை வாசல் வரை வந்துவிடும். கழிவறை கழுவ யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை அன்றன்று காலையில் பார்க்கப்போகிறவர் நீங்கள்தான்.

சரி, போய்ப் படியுங்கள். தேர்வாகி வேலையில் சேர்ந்த முதல் வாரமே விசாரணைக் கைதிகள் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, உள்ளே வந்த தேதி, வழக்குப் பிரிவு, ஜாமீன் கிடைத்ததா என்ற மூன்றையும் உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சிறை அலுவலர் ஒருவர்